கோவிட் காலத்தில் ஒரு சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: நியூ ஜெர்சி பெற்றோர் அடிக்கடி கேட்ட கேள்விகள்

நான் இருப்பது நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊர். 2019 நவம்பர் தேர்தலில் எங்கள் ஊர் ஸ்கூல் போர்டுக்குத் தேர்வாகி 2020 ஜனவரியில் பதவியேற்றேன். பட்ஜெட்டை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்வதற்குள் மார்ச் வந்துவிட்டது, அப்புறம் என்னுடைய மூன்று வருடப் பதவிக்காலத்தில் பெரும்பகுதி கோவிட்டோடுதான் கழிந்தது. எங்களுடையது எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள டிஸ்ட்ரிக்ட்: இரண்டு கட்டடம், ஆயிரத்துக்கும் குறைவான பிள்ளைகள். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நான் குறிப்பிடும் டீச்சர் யார், நர்ஸ் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தமிழ்ப் பள்ளி வாசலிலும் பொங்கல் விழாவிலும் வாட்ஸாப்பிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன, இப்போதும் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா நம்ம ஊர் மாவட்டக் கல்வி அலுவலகம் மாதிரியா? மேலிருந்து ஆர்டர் வந்தா செய்ய வேண்டியதுதானே?

இல்லை, இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாமே எளிது. அமெரிக்காவில் சுமார் 13,000 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன, நியூ ஜெர்சியில் மட்டும் ஏறக்குறைய 600. ஒவ்வொன்றும் தனி நிர்வாகம். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு போர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பள்ளிகளை நடத்தும் தலைமை அதிகாரியாக ஒரு சூப்பரின்டென்டன்ட்டைப் போர்டு நியமிக்கிறது, செலவில் பெரும்பங்கு நீங்கள் கட்டும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வாஷிங்டனிலிருந்து வருவது சாதாரண வருடத்தில் நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

போர்டு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளியை நிர்வாகம் செய்வது எங்கள் வேலை இல்லை, அது நன்றாக நிர்வகிக்கப்படுகிறதா என்று பார்ப்பதே வேலை என்று இந்த மாநிலத்தின் சட்டமே சொல்கிறது. அதனால் "நீங்க சொன்னா டீச்சர் கேட்பாங்கல்ல அக்கா" என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, மூடச் சொன்னது யார்? திறக்கச் சொன்னது யார்?

மூடியது கவர்னர். 2020 மார்ச் 12 அன்று ஒஹாயோ கவர்னர் மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடப்போவதாக முதலில் அறிவித்தார், நியூ ஜெர்சியில் கவர்னர் மர்ஃபியின் உத்தரவு மார்ச் 18-ல் அமலுக்கு வந்தது. மே 4 அன்று, அந்தக் கல்வியாண்டு முழுக்கத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இதில் எங்களுக்கு எந்தத் தேர்வும் இல்லை.

திறப்பதில்தான் சிக்கல். ஜூன் மாதம் மாநிலம் ஒரு வழிகாட்டி தந்தது, ஏதாவது ஒரு வகையில் நேரடி வகுப்பு இருக்க வேண்டும் என்றது. ஆகஸ்ட் 13 அன்று அது மாறி, பாதுகாப்பு விதிகளை நிறைவேற்ற முடியாத டிஸ்ட்ரிக்ட், காரணத்தை எழுதிக் கொடுத்து, எப்போது திறப்போம் என்று தேதியும் சொல்லிவிட்டு ஆன்லைனில் தொடங்கலாம் என்றாயிற்று. பள்ளி திறக்க மூன்று வாரம்கூட இல்லை. அன்றிலிருந்து முடிவெடுக்கும் பாரம் ஊருக்கு ஊர் இறங்கிவிட்டது. பெரிய டிஸ்ட்ரிக்ட்டில் இதற்கென்று ஒரு குழு இருக்கும். எங்களிடம் சூப்பரின்டென்டன்ட் ஒருவர், வரவு செலவு பார்க்க, இன்னொரு டிஸ்ட்ரிக்ட்டோடு பங்கு போட்டுக்கொண்ட பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவர், கட்டடத்துக்கு ஒரு நர்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் பார்க்க ஒரே ஒருவர். நீங்கள் பார்த்த ஒவ்வொரு மின்னஞ்சலும் இந்த ஐந்து பேரில் யாரோ ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதியது.

மூடியிருந்தப்போ சாப்பாடு குடுத்தீங்களே, அது கஷ்டப்படுறவங்களுக்குத்தானே? நாங்க போய் வாங்கினா தப்பில்லையா?

இதைக் கேட்காத தமிழ்க் குடும்பமே இல்லை என்று சொல்லலாம். தப்பே இல்லை, வாங்கியிருந்தால் எங்களுக்கு உதவியாகவே இருந்திருக்கும். மத்திய வேளாண் துறை 2020 வசந்தத்திலேயே விதிகளைத் தளர்த்தியது: பிள்ளை நேரில் வரவேண்டாம், பெற்றோரே வாங்கிப் போகலாம், பல நாள் சாப்பாட்டை ஒரே தடவையில் தரலாம். பிறகு வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்று ஆகி, 2022 ஜூன் 30 வரை அந்தத் தளர்வுகள் ஓடின.

கொடுத்த சாப்பாட்டின் எண்ணிக்கைக்குத்தான் அரசு பணம் தரும். சமையலறை ஆட்களின் சம்பளமும் பாத்திரமும் கேஸும் எத்தனை பேர் வந்தாலும் அதே செலவு. வசதி உள்ளவர்கள் கூச்சப்பட்டு வராமல் இருந்ததால் எண்ணிக்கை குறைந்தது, கூடவே இன்னொன்றும் நடந்தது: வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் இல்லாதவர்கள் என்று ஆகிவிட்டது. உண்மையில் தேவைப்பட்ட சில குடும்பங்கள் அதற்குப் பயந்தே வரவில்லை. நர்ஸ் தன் காரில் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்த வீடுகள் உண்டு.

இதோடு பலருக்குத் தெரியாத ஒரு பின்விளைவு. எல்லோருக்கும் இலவசம் என்றதும் இலவச உணவுக்கான விண்ணப்பத்தை யாரும் நிரப்பவில்லை. எத்தனை பிள்ளைகள் குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து வருகிறார்கள் என்ற கணக்கு அந்த விண்ணப்பத்திலிருந்துதான் வருகிறது, மாநில உதவித்தொகையும் அந்தக் கணக்கை வைத்துத்தான். படிவத்தை அனுப்பச் சொல்லி நாங்கள் அவ்வளவு கெஞ்சியதற்குக் காரணம் அது.

லேப்டாப் குடுக்க ஏன் அவ்வளவு நாள் ஆச்சு?

உலகம் முழுக்க எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதத்தில் க்ரோம்புக் என்ற மலிவு லேப்டாப்பைக் கேட்டன. ஆயிரக்கணக்கில் வாங்கும் நகரங்கள் இருக்கும்போது ஐந்நூறு கேட்கும் எங்களுக்குக் கடைசி இடம். மே மாதம் ஆர்டர் போட்டோம், செப்டம்பரில் பாதிதான் வந்தது. மீதிப் பிள்ளைகளுக்கு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் இருந்த பழையவற்றைத் துடைத்துக் கொடுத்தோம்.

வீட்டில் இன்டர்நெட் இல்லாதவர்களின் பாடு இதைவிட மோசம். பள்ளிக் கட்டடத்துக்கு உள்ளே இணையம் தர மத்திய அரசின் பணம் எப்போதும் உண்டு, வீட்டுக்குத் தர அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்பது அப்போதைய விதி. அதற்கென 717 கோடி டாலரில் தனி நிதி வந்து விண்ணப்பம் திறந்தது 2021 ஜூன் கடைசியில், அதாவது பள்ளி மூடி பதினைந்து மாதம் கழித்து! அதுவரை ஹாட்ஸ்பாட் எல்லாம் ஊர்க் காசு. நூலகத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து பிள்ளைக்கு வகுப்பு போட்டுக் காட்டிய ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியாது.

வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஸ்கூல், அதுவும் ஏ பேட்ச், பி பேட்ச்னு. யாரு கண்டுபிடிச்சாங்க இதை?

ஆறடி இடைவெளி கண்டுபிடித்தது. 24 பேர் உட்காரும் அறையில் மேசைகளை ஆறடி தள்ளிப் போட்டால் பதினொன்று, பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். நானே ஒரு சனிக்கிழமை சூப்பரின்டென்டன்ட்டோடு டேப் பிடித்து அளந்தேன். பாதிப் பேர் மட்டுமே வரமுடியும் என்றால் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

2021 மார்ச் 19 அன்று மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி, வகுப்பறையில் மாஸ்க் போட்டிருந்தால் மூன்றடி போதும் என்று மாற்றியது. அடுத்த வாரமே மேசைகளைத் திரும்ப நகர்த்தி, ஏப்ரலில் வாரம் நான்கு நாள் ஆக்கினோம். கிருமிநாசினி தெளிக்க என்று புதன்கிழமையை மூடி வைத்தது மட்டும் இன்றைக்கும் எனக்கு வருத்தம். தொடும் பொருள்கள் வழியாகப் பரவும் ஆபத்து மிகக் குறைவு என்று சிடிசி அந்த ஏப்ரலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆறேழு மாதம் வாரம் ஒரு நாளைத் துடைப்பதற்கே கொடுத்திருந்தோம்.

பக்கத்து ஊர்ல திறந்துட்டாங்க, நீங்க ஏன் திறக்கலை? பயந்தாங்கொள்ளிங்களா?

எல்லோரும் இடத்தையும் நோயையும் பற்றியே பேசினார்கள், எங்களை உட்காரவைத்தது ஆள் பற்றாக்குறை. எங்கள் ஊரில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர ஒருவர்தான் பிரதானம். தொற்று உள்ளவரோடு ஆறடிக்குள் ஒரு நாளில் மொத்தம் பதினைந்து நிமிடம் இருந்திருந்தாலே பதினான்கு நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அவர் ஒருவர் வீட்டுக்குப் போனால் மூன்று வகுப்புக்கும் கணக்கு நின்றுவிடும். பெரிய பள்ளியில் அதே பாடத்துக்கு எட்டு டீச்சர் இருப்பார்கள், சமாளிப்பார்கள்.

இன்னும் ஒன்று. எங்கள் டீச்சர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு ஊர்களில் குடியிருக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பள்ளி ஆன்லைனுக்குப் போனால் அவர்கள் பிள்ளை வீட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2020 டிசம்பர் 31 வரை மத்திய சட்டம் அதற்காகவே பன்னிரண்டு வாரம் வரை விடுப்புக் கொடுத்தது, கொடுக்கவும் வேண்டும்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்: எங்கள் ஊரில் ஒரு தொற்றுகூட இல்லாத வாரத்தில், எட்டு மைல் தள்ளி ஒரு பள்ளி மூடியதால் எங்களுடைய மூன்று வகுப்புகள் நடக்கவில்லை. டீச்சர் வராத நாளில் பதிலுக்கு வகுப்பெடுக்கும் சப்ஸ்டிட்யூட் டீச்சர்களோ பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், அறுபத்தைந்து வயதுக்கு மேல். அந்த வருடம் அவர்களை வரச் சொல்லிக் கூப்பிடவே எங்களுக்கு மனசு வரவில்லை.

இது எங்கள் கதை மட்டுமில்லை. 2021 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் கவர்னர் பள்ளி வேன் ஓட்ட நேஷனல் கார்டு என்ற மாநில ரிசர்வ் படையின் வீரர்களை அனுப்பினார். 2022 ஜனவரியில் நியூ மெக்சிகோ கவர்னர் வகுப்பில் நிற்கவே அவர்களைக் கூப்பிட்டார். பஸ்ஸுக்கு டிரைவர் இல்லை, வகுப்புக்கு ஆள் இல்லை என்றால் கட்டடத்தில் எவ்வளவு நல்ல காற்றோட்டம் இருந்தும் பயனில்லை.

டீச்சர் யூனியன்தான் தடுத்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே?

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள். யூனியன் கேட்டவை நிறைய இருந்தன, சிலவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் திரையில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள் என்று அவர்கள் கேட்டது சரியான கோரிக்கை. நாங்கள் கேட்கவில்லை, இரண்டு பக்கமும் கெட்டது. ஒரு டீச்சர் வகுப்பு முழுக்க லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார் என்று புகார் சொன்னீர்களே, அது அவர் குற்றம் இல்லை, எங்கள் ஏற்பாட்டின் குற்றம்.

2021 மார்ச் தொடக்கத்தில் அதிபர் பைடன் டீச்சர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை தரச் சொன்ன பிறகு கூட்டங்களின் தொனியே மாறிவிட்டது. முதல் ஊசி போட்டுக்கொண்ட வாரத்தில் முன்பு வரமுடியாது என்றவர்களில் பலர் தாங்களே எழுதிக் கேட்டார்கள், எப்போது வரலாம் என்று.

19,000 கோடி டாலர் குடுத்தாங்களாமே, நம்ம ஊருக்கு வந்த பணம் எங்க போச்சு?

மூன்று தவணை வந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுமைக்கும் சுமார் 1,300 கோடி, டிசம்பரில் 5,400 கோடி, 2021 மார்ச்சில் ஏறக்குறைய 12,200 கோடி. மொத்தம் 19,000 கோடி டாலர் சரிதான். ஆனால் இது தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படவில்லை. வறுமையில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து மத்திய அரசு ஏற்கெனவே தரும் நிதியின் விகிதத்தில் பிரித்தார்கள். நியாயமான முறை. எங்கள் ஊர் போன்ற நடுத்தர ஊருக்கு அதனால் கொஞ்சம்தான். முதல் தவணையில் வந்தது ஒரு டீச்சரின் ஒரு வருடச் சம்பளத்துக்கே போதாது.

அதுவும் முதலில் நாம் செலவு செய்து, பில் காட்டி, பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும். பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேறு டிஸ்ட்ரிக்ட்டிலும் அரை நாள் இருந்தார் என்று சொன்னேனே, மூன்று தவணைக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கணக்கு, எல்லாம் அவர் ஒருவர் தலையில். மூன்றாம் தவணையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் கற்றல் இழப்புக்குச் செலவிட வேண்டும் என்று விதி. கடைசித் தவணைக்குக் கெடு 2024 செப்டம்பர் 30.

"அந்தப் பணத்துல புது டீச்சர் எடுத்திருக்கலாமே" என்பது அடுத்த கேள்வி. எடுத்தால் கெடு முடிந்ததும் சம்பளம் யார் கொடுப்பது? இந்த மாநிலத்தில் ஊர் பள்ளி வரியை, சில விலக்குகள் தவிர, வருடம் 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. அதனால் ஒருவரை மட்டும், இரண்டு வருட ஒப்பந்தம் என்று முதலிலேயே சொல்லி, வாசிப்பில் பின்தங்கியவர்களுக்காக எடுத்தோம். மீதி, வகுப்பறைக் காற்றைச் சுத்தப்படுத்தும் ஃபில்டருக்கும் கோடைக்கால வகுப்புக்கும் போனது. போர்டு கூட்டக் குறிப்பில் வரிவரியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

ஃபில்டர்னு சொன்னீங்க, ஜன்னலைத் திறந்து வெச்சா போதாதா?

போதும், ஜன்னல் திறந்தால். எங்கள் பழைய கட்டடத்தில் பாதி ஜன்னல்கள் பெயின்ட் பூசிப் பூசி ஒட்டிக்கொண்டிருந்தன, ஜனவரியில் நியூ ஜெர்சிக் குளிரில் திறக்கவும் முடியாது. நல்ல ஃபில்டர் என்றால் மெர்வ்-13 என்று ஒரு தரம் சொன்னார்கள், அது அடர்த்தியானது, எங்கள் பழைய மெஷின் அதன் வழியாகக் காற்றை இழுக்கத் திணறியது. ஆகவே வகுப்புக்கு ஒன்று என்று ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளை வாங்கி வைத்தோம். வாங்க முடியாத ஊர்களில் ஒரு பெட்டி ஃபேனைச் சுற்றி நான்கைந்து ஃபில்டரை டேப் போட்டு ஒட்டிச் செய்துகொண்டார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

யாருக்குக் கோவிட்னு பேரைச் சொல்லாம மறைச்சது ஏன்? என் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தா என்ன பண்றது?

பிள்ளைகளின் பதிவுகளைப் பாதுகாக்கும் மத்திய சட்டம் இருக்கிறது. வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்று சொல்லலாம், யாரென்று தெரியும்படி எழுதக்கூடாது. உங்கள் பெண் அருகில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் தனியாக போன் வந்திருக்கும், வரவில்லை என்றால் அவள் மேலே சொன்ன ஆறடி, பதினைந்து நிமிட வரம்புக்குள் இல்லை என்று பொருள்.

பதினான்கு பேர் உள்ள வகுப்பில் அன்றைக்கு வராத பிள்ளை யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், இதுவும் உண்மை. ஒரு குடும்பத்தைப் பற்றி வாட்ஸாப்பில் பரவியதைப் பார்த்தேன். அந்தப் பையன் திரும்பி வந்த பிறகு இரண்டு வாரம் மதியம் தனியாகச் சாப்பிட்டான். பெயரைச் சொல்ல நாங்கள் மறுத்ததற்கு எனக்குத் தெரிந்த சிறந்த காரணம் அவன்தான்.

என் பையனுக்கு ஐஇபி இருக்கு. ஸ்பீச் தெரபி மூணு மாசம் ஒழுங்கா நடக்கலை. இப்ப கேட்க முடியுமா?

கேட்கலாம். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான மத்திய சட்டம் கோவிட்டுக்காக நிறுத்தி வைக்கப்படவே இல்லை. ஐஇபி என்பது அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்னென்ன சேவை தரவேண்டும் என்று பள்ளி எழுதிக் கொடுக்கும் திட்டம். அதில் எழுதிய சேவை நடக்கவில்லை என்றால், அதனால் பிள்ளை எங்கே பின்தங்கினான் என்று பார்த்து ஈடு செய்வதைப் பற்றி ஐஇபி குழு பேசியாக வேண்டும். இந்த மாநிலத்தில் 2021 ஜூனில் ஒரு சட்டம் வந்து, 21 வயது முடிந்து வெளியேற வேண்டிய பிள்ளைகளுக்கே இன்னொரு வருடம் தந்தது.

முதல் சில வாரங்கள் ஏன் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், திரை வழியாகத் தெரபி தர மாநில விதியில் இடம் இல்லை, ஏப்ரல் தொடக்கத்தில்தான் திருத்தினார்கள். அதற்குப் பிறகு நடக்காததற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஒரே தெரபிஸ்ட், அவரும் இரண்டு டிஸ்ட்ரிக்ட்டுக்குப் பொது. இந்தக் கூட்டங்களில் நம் ஆட்கள் "சரிங்க மேடம், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வராதீர்கள். என்ன கேட்கிறீர்களோ அதை எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு.

வீட்டுல தாத்தா பாட்டி இருக்காங்க, அதனால ஆன்லைன்லயே வெச்சிருந்தோம். 2021 செப்டம்பர்ல ஏன் கட்டாயமா வரச் சொன்னீங்க?

அது மாநில முடிவு. அந்த வருடம் பெற்றோர் விருப்பத்துக்கு ஆன்லைன் கிடையாது என்று கவர்னர் மே மாதமே அறிவித்தார். உங்கள் கவலை எனக்குப் புரிந்தது, என் மாமியாரும் அப்போது எங்களோடுதான் இருந்தார். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வந்தது நவம்பர் தொடக்கத்தில்தான். நடுவில் இரண்டு மாதம் சில குடும்பங்கள் பிள்ளையை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரியவன் ஹைஸ்கூல், சின்னவ உங்க ஸ்கூல். ஒரே வீட்டுல ரெண்டு டைம்டேபிள். பேசி ஒண்ணா வெச்சிருக்கக் கூடாதா?

எங்களிடம் ஹைஸ்கூல் இல்லாததால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளைப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்பி, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறோம். அவர்கள் போர்டில் எங்களுக்கு ஒரு பிரதிநிதி உண்டு, சில விஷயங்களுக்கு மட்டுமே ஓட்டு. அவர்கள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று வைத்தார்கள், நாங்கள் இரண்டு நாள் முறை. பேசினோம், ஒத்துவரவில்லை. பஸ் அவர்கள் கையில் இருந்தது, நாங்கள்தான் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளைங்க பின்தங்கினது சரியாயிடுச்சா?

2022-ல் தேசிய அளவில் எடுத்த தேர்வில், தொற்றுக்கு முன் 2019-ல் இருந்ததைவிட எட்டாம் வகுப்புக் கணக்கு 8 புள்ளி இறங்கியது, நான்காம் வகுப்பில் 5, வாசிப்பில் இரண்டிலும் 3. எங்கள் ஊரிலும் கணக்குதான் அதிகம் அடிபட்டது, ஏன் என்று மேலே சொன்ன ஒற்றைக் கணக்கு டீச்சர் கதையிலேயே இருக்கிறது. மார்க்கைவிட எனக்குத் தெரிந்த பெரிய இழப்பு, 2020-ல் முதல் வகுப்பில் இருந்தவர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் வயதில் டீச்சரின் வாய் திரையில் உறைந்து உறைந்து நின்றது. கோடை வகுப்பில் பாதிப் பேர் தேறினார்கள், மீதிப் பேருக்கு இன்னும் உதவி ஓடுகிறது.

நாங்க சிட்டிசன் இல்லை. இன்னொரு தடவை இப்படி வந்தா எங்களால என்ன பண்ண முடியும்?

போர்டுக்கு ஓட்டுப் போடவும் நிற்கவும் குடியுரிமை வேண்டும். ஆனால் போர்டு கூட்டத்துக்கு வந்து பேசக் குடியுரிமை தேவையில்லை. பள்ளியில் மாஸ்க் கட்டாயமா என்று சண்டை நடந்த மாதங்களில் கூட்டம் நள்ளிரவைத் தாண்டியது, பேசியவர்கள் எப்போதும் அதே பதினைந்து பேர். நம் குடும்பங்கள் ஊரில் கணிசமாக இருந்தும் ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை, மறுநாள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினார்கள். என் போனில் இருப்பது கூட்டக் குறிப்பில் ஏறாது.

அப்புறம், எங்கள் பிரச்சினை ஆள்தான் என்றேனே. கல்லூரியில் 60 கிரெடிட் இருந்தால் இங்கே சப்ஸ்டிட்யூட் டீச்சர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்க வேண்டும், கைரேகைச் சோதனை உண்டு, வேலை செய்ய அனுமதியும் வேண்டும், எச்-4 என்ற துணைவர் விசாவில் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கிடைத்தவர்களுக்கு அது இருக்கிறது. எம்எஸ்சி கணக்கு படித்துவிட்டு வீட்டில் இருக்கும் அம்மாக்களை இந்த ஊரில் எனக்கே நான்கு பேரைத் தெரியும். 2021 இலையுதிர்காலத்தில் அவர்களில் இரண்டு பேர் பதிவு செய்தார்கள். ஜனவரியில் ஒமிக்ரான் வந்து அந்தக் கணக்கு டீச்சர் வீட்டில் இருந்த வாரம், ஏழாம் வகுப்பை நடத்தியது அவர்களில் ஒருவர். இப்போதும் வாரம் மூன்று நாள் போகிறார்.